விடை மாறாமல் வடிவம் மாற்றுதல்

பெங்களூர், புனே, ஹைதராபாத், தில்லியை அடுத்த நோய்டா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகனோ மகளோ மருமகளோ கணிப்பொறிக்கு நிரல் எழுதும் உத்தியோகத்தில் அமர்ந்திருப்பது இன்று சர்வ சாதாரணம். அவர்கள் தம் சகாக்களோடு தொலைபேசியில் உரையாடும்போது 'ரீஃபாக்டரிங்' என்றொரு சொல் அடிக்கடி காதில் விழும். புதிதாக ஏதும் சேர்க்கவில்லை, இருப்பதைத்தான் ரீஃபாக்டர் செய்கிறேன் என்பார்கள். புதிதாக ஏதும் சேர்க்காத வேலைக்கு இரவு பதினொரு மணி வரை விழித்திருப்பானேன் என்று வீட்டுப் பெரியவர்கள் வியப்பதுண்டு. அவ்வேலை இன்னதென்பதையும், அது ஒரு கலையாக உருப்பெற்ற வரலாற்றையும் இங்கே காண்போம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு வேறு வாசல் தெரியாது. பள்ளிக்கூட இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல் என்றொரு பாடம் உண்டு. ஏழு பன்னிரண்டும் ஏழு எட்டும் சேர்ந்து 140 ஆகும். இரண்டிலும் பொதுவாக நிற்கும் ஏழு என்ற எண்ணை வெளியே எடுத்துவிட்டு, பன்னிரண்டையும் எட்டையும் முதலில் கூட்டிப் பிறகு ஏழால் பெருக்கினாலும் 140தான். விடை மாறவில்லை, கணக்கின் வடிவம் மட்டுமே மாறியது. நிரல் எழுதுவோர் இந்தச் சொல்லை இரவல் வாங்கினர். ஃபோர்த் என்னும் நிரல்மொழியைப் பற்றி லியோ பிராடி 1984இல் வெளியிட்ட நூலில், நீண்ட நிரலைச் சிறு துண்டுகளாகப் பகுப்பதற்கு 'ஃபாக்டரிங்' என்ற சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. முன்னரே எழுதி முடித்து ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மீண்டும் கையில் எடுத்து இவ்வாறு பகுத்தால் அது 'ரீஃபாக்டரிங்'. மறுகாரணிப்படுத்துதல் என்று தமிழாக்கினால் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும், ஒருவருக்கும் விளங்காது. ஆகவே சீரமைப்பு என்றே சொல்லிச் செல்வோம். அந்த 140ஐ மட்டும் நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் நிரல் இருக்கிறதென்று கொள்வோம். அகவிலைப்படியைக் கணக்கிடும் முறை அதில் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது: மாதச் சம்பளத்துக்கு ஓரிடத்தில், விடுப்புச் சம்பளத்துக்கு மற்றோரிடத்தில், நிலுவைத் தொகைக்கு வேறோரிடத்தில். அவசரத்தில் யாரோ ஒருவர் பார்த்து எழுதியதன் விளைவு இது. கணக்கிடும் முறை மாறும்போது மூன்று இடங்களையும் திருத்த வேண்டும். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பின்வந்தவர் இரண்டு இடங்களைத் திருத்திவிட்டு மூன்றாவதைக் காணத் தவறுகிறார். யாரோ ஒரு குமாஸ்தாவின் நிலுவைத் தொகை குறைந்துபோகிறது. சீரமைப்பு என்பது, முறை மாறுவதற்கு முன்னரே, அந்தக் கணக்கை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு ஒரு பெயரிட்டு, மற்ற மூன்று இடங்களும் அப்பெயரைச் சொல்லி அதனை அழைக்கும்படி செய்வது. செய்து முடித்த அன்று எவருடைய சம்பளத்திலும் ஒரு பைசா கூடவோ குறையவோ கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்ற வேண்டும். இவ்வேலையின் பெருமையும் அதுவே, சிறுமையும் அதுவே.

சட்டங்களோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், ஆண்டுதோறும் வந்த திருத்தங்களால் பிரிவுக்குள் உட்பிரிவும், உட்பிரிவுக்குள் விலக்கும், விலக்குக்கு விளக்கமுமாகப் பருத்து நின்றது. அதனை எளிய நடையில் 536 பிரிவுகளாகத் திருப்பி எழுதி, 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமாக நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வரிக் கொள்கையை மாற்றுவது தலையாய நோக்கமன்று. சொல்லும் முறையை மாற்றுவதே நோக்கம். ஆயினும் சட்டத்துக்கு உரை காண நீதிமன்றங்கள் உண்டு. யந்திரத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. எழுதியதை எழுதியபடியே செய்யும்.

நிரல் என்பது ஒருமுறை எழுதினால் முடிந்துவிடும் வேலை என்றுதான் முன்னோடிகள் எண்ணினர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் யந்திரம் 1949 மே மாதம் முதல் நிரலை ஓட்டியது. அடுத்த சில வாரங்களுக்குள்ளேயே, தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தாமே எழுதிய நிரல்களில் பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பதை அதனை அமைத்த மாரிஸ் வில்க்ஸ் உணர்ந்துகொண்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவரும் டேவிட் வீலரும் ஸ்டான்லி கில்லும் அடிக்கடி வேண்டப்படும் கணக்குகளைத் தனித்தனிச் சிறு நிரல்களாக எழுதிச் சேமித்து வைக்கும் முறையை 1951இல் நூலாகவே வெளியிட்டனர். பொதுவானதை வெளியே எடுப்பது என்ற கருத்து, ஆகவே, தொழிலின் பிறப்பிலேயே உடன்பிறந்தது. எழுதி முடித்ததை எப்படி மாற்றுவது என்பதற்கு மட்டும் நெடுங்காலம் முறை ஏதும் ஏற்படவில்லை.

அந்த வினாவை முதலில் அளந்து பார்த்தவர்கள் மேயர் லேமனும் லாஸ்லோ பெலாடியும் ஆவர். ஐ.பி.எம். கம்பெனியின் பெரும் யந்திரங்களை இயக்கிய ஓ.எஸ்.360 என்னும் நிரல் தொகுதி 1960களில் பதிப்பு பதிப்பாக வளர்ந்துகொண்டே போயிற்று. அவ்வளர்ச்சியை ஆராய்ந்து, 1974இல் லேமன் தம் விதிகளை முதலில் எடுத்துரைத்தார். பயன்பாட்டில் இருக்கும் நிரல் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும். இல்லையேல் பயன் குன்றும் என்பது ஒரு விதி. அவ்வாறு மாற மாற அதன் சிக்கல் பெருகும், பெருகாமல் தடுக்கவென்றே தனியே உழைத்தாலன்றி, என்பது மற்றொன்று. இரண்டாவது விதியின் பிற்பகுதியை அக்காலத்தில் எத்தனைபேர் கவனித்தனரோ! அந்தத் தனி உழைப்புக்கு இன்னும் பெயர்கூட இடப்படவில்லை.

பெயர் அச்சேறியது 1990இல். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஆப்டைக்கும் அவருடைய ஆசிரியர் ரால்ஃப் ஜான்சனும் எழுதிய கட்டுரையில் அது இடம்பெற்றது. 1992இல் ஆப்டைக் இப்பொருளிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு ஓராண்டு முன்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரிஸ்வோல்ட் ஏறத்தாழ இதே வினாவை வேறு பெயரில் ஆராய்ந்து முடித்திருந்தார். ஆப்டைக்கின் சாதனை யாதெனில், சீரமைப்பைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்நிபந்தனை விதித்தது. ஒரு பெயரை மாற்றுவதற்கு முன் அப்புதுப்பெயர் அங்கே ஏற்கெனவே வேறொன்றுக்கு வழங்குகிறதா என்று பார். இல்லையெனில் மட்டும் மாற்று. இத்தகைய நிபந்தனைகள் நிறைவேறினால் விடை மாறாது என்று உறுதி கூற முடியும் என்பது அவர் கோட்பாடு.

அதே 1992இல் வார்ட் கன்னிங்ஹாம் என்பவர், முதலீட்டுக் கணக்குகளுக்காகத் தாம் எழுதிய நிரலைப் பற்றிய ஓர் அறிக்கையில், கடன் என்ற உவமையைக் கையாண்டார். விஷயத்தை முழுவதும் விளங்கிக்கொள்ளாமல் எழுதிய முதல் நிரல், வாங்கிய கடன் போன்றது. வேலை விரைவில் முடியும். விளங்கியபின் திருத்தி எழுதினால் கடன் அடையும். அடைக்காமல் விட்டால், பின்னர் அந்நிரலில் கை வைக்கும் ஒவ்வொரு வேளையும் வட்டி கட்டுவதாகும். இந்த உவமை மேலதிகாரிகளுக்கும் விளங்கியதால் உலகெங்கும் பரவியது. ஆனால் மனம்போனபடி மோசமாக எழுதுவதற்கு இது ஒரு நற்சான்றிதழாகப் பலரால் பயன்படுத்தப்பட்டது. தாம் சொன்னது அதுவன்று என்று கன்னிங்ஹாமே பிற்காலத்தில் விளக்கம் கூற நேர்ந்தது.

கடன் முற்றிய நிலையில் எழும் ஆசை ஒன்று உண்டு: பழையதை அடியோடு விட்டுவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமே என்பது. இந்த ஆசைக்கு விலை கொடுத்தது நெட்ஸ்கேப் கம்பெனி. இணையப் பக்கங்களைக் காட்டும் அதன் நிரல் ஒருகாலத்தில் முதலிடத்தில் இருந்தது. 1998இல் பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுத முடிவு செய்தார்கள். நான்காம் பதிப்பு வெளிவந்தது 1997இல். ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் போட்டி நிரல் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அன்று புதிதாக எழுதிய அடித்தளத்தின் மேல்தான் பின்னர் ஃபயர்ஃபாக்ஸ் எழுந்தது என்பதால், அந்த முடிவு முழுத் தவறு என்று கூற நான் துணியேன். ஆனால் நெட்ஸ்கேப்புக்கு அது உதவவில்லை. பழைய நிரலில் அருவருப்பாகத் தோன்றும் ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும், என்றோ எவருக்கோ ஏற்பட்ட ஒரு தொல்லைக்கான தீர்வு ஒளிந்திருக்கக்கூடும். புதிதாக எழுதுபவர் அத்தனையையும் மீண்டும் ஒருமுறை பட்டுத் தெளிய வேண்டும்.

அடியோடு எழுதுவதற்கு மாற்றான சிறுநடை முறை, கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் உருப்பெற்றது. தடுமாறிக்கொண்டிருந்த அந்த வேலையை 1996இல் கென்ட் பெக் ஏற்றார். 1997 மே மாதத்தில் அந்நிரல் ஏறத்தாழ 10,000 ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. பெக் வற்புறுத்திய விஷயம் சோதனை நிரல். நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும், இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும் என்று கேட்டுச் சரிபார்க்கும் வேறொரு சிறு நிரலை எழுதிவைப்பது. ஒரு வரியை மாற்றியதும் சோதனைகள் அனைத்தையும் ஓட்ட வேண்டும். அதே ஆண்டில் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில் பெக்கும் எரிக் காமாவும் அருகருகே அமர்ந்து ஜாவா மொழிக்கான சோதனைக் கருவியை எழுதினர். ஜேயூனிட் என்ற அக்கருவி எல்லாம் சரியென்றால் பச்சைக் கோடும், ஒன்று தவறினாலும் சிவப்புக் கோடும் காட்டும். ஆப்டைக் கணித நிரூபணத்தால் தேடிய உறுதியை, நடைமுறை நிரலாளர் இந்தப் பச்சைக் கோட்டில் கண்டனர். நிரூபணத்தின் வலிமை அதற்கு இல்லைதான். சோதனை கேட்காத வினாவுக்கு அது விடை சொல்லாது. ஆனாலும் எவரும் கையாளக்கூடிய அளவுக்கு எளிது. கிரைஸ்லர் வேலை 2000இல் நிறுத்தப்பட்டது, முறை நிலைத்தது.

கிரைஸ்லரில் உடனிருந்த ஆங்கிலேயர் மார்ட்டின் ஃபௌலர் அம்முறையை 1999இல் நூலாக்கினார். எழுபதுக்கு மேற்பட்ட சீரமைப்புச் செயல்கள் அதில் ஒவ்வொன்றாகப் பெயரிட்டு விவரிக்கப்பட்டன. சமையற்குறிப்புப் புத்தகம்போன்ற நூல் அது. ஆயினும் குறிப்புகளின் நடையைக் கவனிக்க வேண்டும். நீண்ட நிரலிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுக்க வேண்டுமா? புதிய பெயரில் ஒரு வெற்றிடம் அமை. துண்டை அங்கே படியெடு. பழைய இடத்தில் இன்னும் அழிக்காதே. வெளியிலிருந்து அது எதிர்பார்க்கும் மதிப்புகள் யாவை என்று பார். பிழையின்றி ஏற்கப்படுகிறதா என்று பார். இப்போது பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதுப்பெயரால் அழை. சோதனையை ஓட்டு. பச்சை வந்தால் சேமித்து வை. சிவப்பு வந்தால் ஆராயாமல் பின்வாங்கு, இன்னும் சிறிய அடியாக வை. ஐந்து நிமிஷத்தில் முடியும் வேலைக்கு இத்தனை பயம் ஏன் என்று இளைஞர் சிரிப்பர். ஆழந்தெரியாத ஆற்றைக் கடப்பவன் ஊன்றிய காலை உறுதிசெய்யாமல் மறுகாலை எடுப்பதில்லை.

ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்யாதே என்பதும் அந்நூலின் கண்டிப்பு. புதுப்பயன் சேர்க்கும்போது சேர்க்க மட்டும் செய். சீரமைக்கும்போது சீரமைக்க மட்டும் செய். கால அட்டவணையைத் தவிர வேறொன்றை அறியாத மேலாளரிடம் சீரமைப்பைப் பற்றி வாயே திறவாதே என்றும் ஃபௌலர் அறிவுரை கூறினார். சர்க்கார் ஊழியன் என்ற முறையில் இதனை ஆமோதிப்பது எனக்குச் சற்றுக் கடினம். ஆனால் தையற்காரர் நூலின் முனையில் முடிச்சிடுவதற்கு வாடிக்கைக்காரரிடம் அனுமதி கேட்பதில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. அதே நூலில் ஆப்டைக் எழுதிய அத்தியாயம், நிரலாளர் சீரமைக்கத் தயங்கும் காரணங்களை உள்ளபடி சொல்கிறது: வழி தெரியாது, பலன் அனுபவிப்பவர் பின்னால் வருபவர்தானே, செலவான நேரத்துக்குக் கணக்குக் காட்ட முடியாது, ஓடுவது நின்றுபோனால் பழி நம் தலையில். நான்கும் மனித இயல்பு பற்றியவை; யந்திரத்தைப் பற்றியது ஒன்றுமில்லை.

யந்திரத்தையே சீரமைக்கவைக்கும் முயற்சியும் இல்லினாயிலேயே நடந்தது. டான் ராபர்ட்ஸும் ஜான் பிரான்டும் ஸ்மால்டாக் மொழிக்கு ஒரு கருவி செய்தனர். முதலில் அதைத் தனி நிரலாக அமைத்தனர்; எவரும் சீண்டவில்லை; செய்த அவர்களே பயன்படுத்தவில்லை. பின்னர் அதனை, நிரலாளர் நாள்முழுதும் எழுதிக்கொண்டிருக்கும் திரைக்குள்ளேயே பொருத்தினர். உடனே விடாமல் பயன்படுத்தலாயினர். எழுந்துபோய் எடுக்க வேண்டிய அகராதிக்கும் மேசைமேல் விரிந்து கிடக்கும் அகராதிக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர்களுக்கு இது வியப்பூட்டாது.

இனி நம்மவர் பங்கு. 1990களின் பிற்பகுதியில், ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் எழுதிவைத்த பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டு பிறந்ததும் தடுமாறும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றைத் திருத்தும் வேலை பெருமளவில் இந்தியக் கம்பெனிகளுக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்கும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்ற இளைஞர் பலர், தாம் பிறப்பதற்கு முன் முன்பின் அறியாத ஒருவர் கோபால் மொழியில் எழுதிய நிரலைப் படித்துப் பொருள் காண வேண்டியதாயிற்று. அது சீரமைப்பு அன்று; பிழைதிருத்தம். எனினும் பிறர் எழுதியதை மாற்றுவதன் கஷ்டத்தை ஒரு தலைமுறையே அதில் கற்றது. சோதனை நிரல் ஒன்றுகூட இல்லாத இத்தகைய பழைய நிரலை எப்படி அணுகுவது என்பதற்கு 2004இல் மைக்கேல் ஃபெதர்ஸ் நூல் எழுதினார். அவர் காட்டிய வழி விசித்திரமானது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்காதே. இன்று என்ன செய்கிறது என்பதை அப்படியே சோதனையாகப் பதிவுசெய். விடை தவறாகத் தோன்றினாலும் முதலில் பதிவுசெய். அந்தத் தவறான விடையை நம்பி வேறு யாரேனும் எங்கேனும் கணக்கை அமைத்திருக்கலாம். வடிவத்தைத் திருத்திய பின்னரே விடையைத் திருத்துவது பற்றிப் பேச வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை மிகை என்று கருதுவோர் நைட் கேபிடல் என்னும் அமெரிக்கப் பங்குவர்த்தகக் கம்பெனிக்கு நேர்ந்ததை அறிய வேண்டும். வாடிக்கைக்காரரின் பெரிய உத்தரவைச் சிறு உத்தரவுகளாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்பும் நிரல் அவர்களிடம் இருந்தது. அதில் பவர் பெக் என்றொரு பகுதியை 2003இல் உபயோகத்திலிருந்து நிறுத்தினர், ஆனால் நீக்கவில்லை. வேண்டிய எண்ணிக்கை வாங்கியாயிற்று, இனி அனுப்பாதே என்று எண்ணிச் சொல்லும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு நகர்த்தினர். நகர்த்தியபின் பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை, ஓடாத பகுதிதானே! 2012இல் அதன் இடத்தில் புதுநிரல் வைத்தபோது, பழையதை இயக்கிய அதே குறியீட்டைப் புதியதற்கும் பயன்படுத்தினர். எட்டு யந்திரங்களில் ஒன்றில் மட்டும் புதுநிரல் ஏற்றப்படவில்லை. இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது. எட்டாவது யந்திரத்தில் ஒன்பதாண்டு உறங்கிய பகுதி கண்விழித்தது. எண்ணுவோன் இடம் மாறிவிட்டதால் அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. 212 உத்தரவுகளை நிறைவேற்றப் புகுந்து, 45 நிமிஷங்களில் 154 கம்பெனிகளின் பங்குகளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பேரங்களை முடித்தது. கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 லட்சத்துக்கு மேல். பதற்றத்தில் மற்ற ஏழு யந்திரங்களிலிருந்தும் புதுநிரலை நீக்கினர். அவற்றிலும் பழையது விழித்துக்கொண்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டு அந்தக் கம்பெனி வேறொன்றோடு இணைக்கப்பட்டது. பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் 2013 ஆணையில் இவை அனைத்தும் பதிவாகியுள்ளன. நகர்த்தியது குற்றமன்று, நகர்த்தியபின் 140 வருகிறதா என்று பாராததும், இறந்ததைப் புதைக்காமல் வைத்திருந்ததுமே கேட்டை விளைத்தன.

நூல்கள் சொல்வது ஒருபுறம் இருக்க, நிரலாளர் உண்மையில் செய்வது யாது என்பதையும் சிலர் ஆராய்ந்தனர். எமர்சன் மர்ஃபி-ஹில், கிறிஸ் பார்னின், ஆண்ட்ரூ பிளாக் ஆகியோர் கண்டதன்படி, கருவிகள் கையருகே இருந்தும் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு சீரமைப்புகள் கையாலேயே செய்யப்படுகின்றன. மர்ஃபி-ஹில்லும் பிளாக்கும் இரண்டு வகைகளைப் பல்வைத்தியத்தை வைத்து விளக்கினர்: அன்றாட வேலையோடு வேலையாகப் பல்லிடுக்கில் நூல்விட்டுச் சுத்தம் செய்வதுபோன்றது ஒன்று, நாட்கணக்கில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துச் செய்யும் ரூட் கெனால் சிகிச்சை மற்றொன்று. முதல்வகையே பெரும்பான்மை. மைக்ரோசாஃப்டில் 2012இல் 328 பொறியியலாளர்களைக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் சீரமைப்புக்குக் கூறிய இலக்கணத்தில் விடை மாறாதிருத்தல் என்ற நிபந்தனையே காணப்படவில்லை. அசட்டையா, சொல் தேய்ந்துவிட்டதா என்பதை நேயர்கள் தம் வீட்டு நிரலாளரையே கேட்கலாம். 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, நிரலின் அழகுக் குறைவைக் கண்டு சீரமைப்பவரைவிட, புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ பிழை திருத்தவோ வந்து இடமின்றி, இடம் பண்ணுவதற்காகச் சீரமைப்பவரே மிகுதி என்று காட்டியது.

ஃபௌலரின் நூல் 2018இல் மறுபதிப்புக் கண்டபோது, ஜாவாவுக்குப் பதில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எடுத்துக்காட்டுகள் அமைந்தன. செயல்களின் பெயர்கள் சில மாறின. முதற்பதிப்பின் தொடக்க எடுத்துக்காட்டு, ஒளிநாடாக்களை வாடகைக்கு விடும் கடையின் ரசீது. அத்தகைய கடை என்றால் என்னவென்று கேட்கும் வாசகர் வந்துவிட்டதால், அதனை எடுத்துவிட்டு ஒரு நாடகக் கம்பெனியின் கட்டண ரசீதை அவ்விடத்தில் வைத்தார். ஒவ்வோர் அடிக்கும் பின்னர்ச் சோதனையை ஓட்ட வேண்டும் என்ற வரி மட்டும் அப்படியே நிற்கிறது.